யாருடைய நோய், யாருடைய ஆய்வு? காவிரிப் படுகையிலிருந்து சில குறிப்புகள்

1

புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறு என்று நம் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மருந்துகளின் வரலாறு, மருத்துவமனைகளின் வரலாறு, அதுவும் இல்லையென்றால் மேதைகளின் வரலாறு. அந்த ஆராய்ச்சியைச் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள், அவர்களை உள்ளே விட்டது யார், படிக்கிற காலத்தில் சோத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்டு எழுதப்படும் வரலாறு வேறு மாதிரியானது. அப்படிக் கேட்பதையே அநாகரிகமாக நினைப்பவர்கள் உண்டு. அறிவியல்ல என்னய்யா சாதி, செல்லுக்குச் சாதி தெரியுமா என்பார்கள். செல்லுக்குத் தெரியாது, சரி. நுண்ணோக்கி வழியே செல்லைப் பார்க்கிற ஆள் ஏதோ ஒரு தெருவில் பிறந்தவர்தானே. அந்தத் தெருவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

நான் கீழத்தஞ்சைக்காரன். காவிரிப் படுகையை எடுத்துக்கொள்வதற்கு ஊர்ப்பற்று மட்டும் காரணமல்ல. கும்பகோணத்தைச் சுற்றிக் கொழுந்து வெற்றிலைக் கொடிக்கால், கடலோரம் வேதாரண்யத்தில் வாய்ப்புகையிலை, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய வரை நெல். அந்த நெல்வயலில் விடிகாலை குனிந்து உச்சிவெயிலில் நிமிர்கிற பெண்களின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். வெத்தல, பாக்கு, பொயல. ஏன் ஆத்தா இதைப் போடுறீங்க என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான்: 'பசி தெரியாதுல்ல.'

இந்தச் சுருக்குப்பை மருத்துவ ஆய்வுக்குள் வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. 1902இல் சென்னையில் பணிபுரிந்த நிப்லாக் என்ற வெள்ளைக்கார மருத்துவர் வாய்ப்புற்றையும் வெற்றிலை போடுவதையும் இணைத்து எழுதினார். 1933இல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் ஓர் என்பவர் தென் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி லண்டன் 'லான்செட்' இதழில் எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் அறிவித்தது. வெறும் பாக்கே உண்டாக்கும் என்று 2004இல் சொன்னது. இவையெல்லாம் தேவையான ஆய்வுகள். ஆனால் இந்த நூற்றாண்டு முழுவதும் கேட்கப்பட்ட முதன்மையான கேள்வி, பைக்குள் என்ன இருக்கிறது என்பது. பை ஏன் இடுப்பில் இருக்கிறது என்ற கேள்வி பின்வரிசையிலேயே நின்றது. பசியை மருத்துவச் சொல்லாடல் 'பழக்கம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டது. பழக்கம் என்று சொல்லிவிட்டால் குற்றம் மெல்லுகிறவளுடையது. கூலி, வேலை நேரம், மத்தியானச் சோறு பற்றியெல்லாம் யாரும் பேச வேண்டியதில்லை.

அந்தப் பசியை அறிந்த யாராவது ஆய்வுக்கூடத்துக்குள் இருந்திருந்தால் கேள்விகளின் வரிசை மாறியிருக்கும் என்பது என் வாதம். பயிற்சி வாய்ப்பு என்பதை ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்யும் தர்ம காரியமாகப் பார்ப்பவர்களிடமிருந்து நான் விலகுவது இங்கேதான். எந்தக் கேள்வி ஆய்வுக் கேள்வியாக ஏற்கப்படும் என்று முடிவு செய்கிற அதிகாரத்தில் பங்கு கேட்பது இது.

2

தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவம் பற்றிப் பேசினால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பிறந்தது 1886இல், படுகையின் தெற்கு விளிம்பை ஒட்டிய புதுக்கோட்டையில். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர், தந்தை நாராயணசாமி ஐயர். இந்த ஒரு வரியிலேயே அந்தக் காலத்துச் சாதி ஒழுங்கின் ஒரு பகுதி இருக்கிறது. மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேருவதா என்று எழுந்த எதிர்ப்பை மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1923இல் தங்கை புற்றுநோயில் இறந்தார். 1925இல் அரசு உதவித்தொகையோடு இங்கிலாந்து போனவர் லண்டன் ராயல் கேன்சர் மருத்துவமனையில் நடந்த சிகிச்சையைக் கண்டார். 1954 ஜூன் 18இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா 2021இல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

இதை ஒரு தனிமனிதச் சாதனைக் கதையாகச் சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். இதிலுள்ள வாசல்களை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். கல்லூரி வாசலை மன்னரின் அனுமதி திறந்தது. வெளிநாட்டுப் பயிற்சியின் வாசலை அரசுப் பணம் திறந்தது. அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. திறமை இருந்தது, அதற்கு மேல் யாரோ ஒருவர் விதியை விலக்கியும் இருக்கிறார். தமிழகத்தின் முதல் பெரும் புற்றுநோய் நிறுவனம் நிற்கிற அடித்தளத்தில் ஒரு சிறப்பு அனுமதியும் ஓர் உதவித்தொகையும் கிடக்கின்றன. இன்று 'சலுகை' என்று எதைச் சொல்லி முகம் சுளிக்கிறார்களோ அதேதான்.

அதே தேவதாசி மரபிலிருந்து அதே தலைமுறையில் இன்னொருவர் வந்தார். 1883இல் பிறந்து மாயவரத்துக்கு அருகே மூவலூரில் வளர்ந்த ராமாமிர்தம் அம்மையார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். முத்துலட்சுமி சட்டமன்றத்தில் செய்ததை இவர் படுகையின் தெருக்களில் செய்தார். ஒருவருக்குத் தொண்டைமான் இருந்தார், மற்றவருக்குச் சுயமரியாதை மேடை இருந்தது. மருத்துவக் கல்லூரி வரை போனது ஒரு பாதை மட்டுமே. மன்னரின் தயவு ஒருவரை உள்ளே விடும், ஒரு தெருவையே உள்ளே விடாது. தெருவுக்கு வாசல் வேண்டுமானால் சட்டம் வேண்டும்.

3

அந்தச் சட்டத்தின் கதை நம் வாசகர்கள் அறிந்ததே என்றாலும் ஒரு பகுதியை மட்டும் நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் அது மருத்துவக் கல்லூரியில் நடந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் இப்படிப் பிரிக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மாகாணம் முழுக்க நான்கு மருத்துவக் கல்லூரிகள், அவற்றில் மொத்தம் 330 இடங்கள். இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. பெரியாரின் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 15(4) பிரிவைக் கொண்டுவந்தது.

அந்த நாட்களில் கீழத்தஞ்சையில் என்ன நடந்துகொண்டிருந்தது? சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த பண்ணைகளில் விவசாயச் சங்கம் கொடி ஏற்றிக்கொண்டிருந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதாவது, டில்லியில் மருத்துவ இடங்களைப் பற்றி வாதம் நடந்தபோது இங்கே ஒரு பெரும் மக்கள் திரள் இன்னும் பண்ணையாளாக இருந்தது. 14இல் 2 என்ற கணக்கு அவர்களைத் தொடுவதற்கு முன் பண்ணையிலிருந்து காலை எடுக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி உயர்வு கேட்டதற்காக. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி வந்து அப்போது பத்தாண்டுதான் ஆகியிருந்தது. கல்லூரிக்கும் வெண்மணிக்கும் இடையே சில மணி நேர பஸ் பயணம். அந்தப் பயணத்தைப் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை நோயாளியாக அல்லாமல் மாணவராகச் செய்ய இன்னொரு தலைமுறை பிடித்தது.

பிடித்தாலும் அது நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது அவநம்பிக்கையின் அரசியல். 1970களிலும் 80களிலும் எங்கள் பகுதிச் சேரிகளிலிருந்தும் பிற்பட்ட வகுப்புக் குடும்பங்களிலிருந்தும் முதல் டாக்டர்கள் வந்தார்கள். திருவாரூரில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி, நாகப்பட்டினத்தில் 2022இல் இன்னொன்று. நீட் தேர்வு பாதையை மீண்டும் அடைத்தபோது 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. ஆக, முதல் படியில் ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் பலன் இருக்கிறது. மேல்படிகளின் கதை வேறு.

4

புற்றுநோய் மருத்துவம் மேல்படியில் இருப்பது. எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் எம்.டி. அல்லது எம்.எஸ்., அதற்கும் மேல் டி.எம். அல்லது எம்.சிஎச். அடையாறு நிறுவனம் 1984இல் நாட்டிலேயே முதன்முதலாகப் புற்றுநோயியலில் இந்த உயர்சிறப்புப் படிப்புகளைத் தொடங்கியது. புற்றுநோய் ஆய்வுக்கு மருத்துவர்கள் பயிற்சி பெறும் முக்கியமான படி இது.

இந்தப் படியில் நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன? மண்டல் வழக்கில், 1992 நவம்பரில், 27 விழுக்காட்டை ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பு, இடஒதுக்கீடு உகந்ததாக இராத பணிகள் என்று ஒரு பட்டியலும் கொடுத்தது. ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்பப் பணிகள் அதில் இருந்தன. மருத்துவத்தின் உயர்சிறப்புப் பணிகள் இருந்தன. பேராசிரியர் பதவியும் இருந்தது. புற்றுநோய் ஆய்வாளர் ஒருவர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குள் அகப்படாமல் இருப்பது கடினம். மண்டல் தீர்ப்பை வெற்றி என்று கொண்டாடிய நாம் இந்தப் பட்டியலைப் போதுமான அளவு பேசவில்லை என்றே எனக்குப் படுகிறது. பின்னர் 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உயர்சிறப்புப் படிப்புகளில் இடஒதுக்கீடு கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லப்பட்டது.

அடுத்தது நாடாளுமன்றம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு தரும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாத நிறுவனங்களின் பெயர்கள் அவை. ஹோமிபாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்புகளும் முதலில் வருகின்றன. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், சென்னைக் கணித அறிவியல் நிறுவனம், அந்த வரிசையில் மும்பை டாடா நினைவு மையம். நாட்டின் மிகப் பெரிய புற்றுநோய் சிகிச்சை, ஆய்வு, பயிற்சி நிறுவனம் எதுவோ அது, பிற்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்க இந்தச் சட்டத்தால் கடமைப்பட்டதல்ல. அந்த நிறுவனம் தானாக என்ன செய்கிறது, செய்யவில்லை என்பது வேறு விஷயம். தானாகச் செய்வது தொண்டைமானின் தயவு மாதிரி. செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

'சிறப்பு' நிறுவனங்கள் என்று சொல்லித்தான் விலக்குக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லின் கருத்தியலைக் கவனிக்க வேண்டும். அடிப்படியில் சாதியைக் கணக்கில் கொள்ளலாம், உச்சியில் கொள்ளக்கூடாது, உச்சி தகுதிக்கானது. அப்படியானால் அடிப்படியில் வந்தவர்கள் தகுதியில்லாமல் வந்தார்கள் என்று பொருளாகிறது. இதைத்தான் விடுதி அறையிலும் வார்டிலும் அவர்கள் தினமும் கேட்கிறார்கள். டில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கி நடத்தப்படுவதை 2007இல் சுகதேவ் தோரட் குழு பதிவு செய்தது. கீழே சாதி பார்க்கப்பட்ட ஓர் ஆள் மேலே ஏறும்போது சாதி உதிர்ந்துவிடும் என்பது சட்டத்தின் புனைவு. அனுபவம் நேர்மாறாக இருக்கிறது.

தமிழ்நாடு இதில் ஒரு சந்து கண்டுபிடித்தது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு உயர்சிறப்பு இடங்களில் 50 விழுக்காடு என்று 2020 நவம்பரில் ஆணையிட்டது. முதலில் தடை, பிறகு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த டாக்டர் புற்றுநோய்ப் படிப்புக்குப் போக இது வழி. சாதி என்ற சொல்லைச் சொல்லாமல் கிராமத்தை உள்ளே கொண்டுவருகிற உத்தி. பாராட்ட வேண்டியதுதான். நேர்வாசல் மூடியிருப்பதால் சந்து வழியாகப் போகிறோம் என்பதையும் மறக்கக்கூடாது.

5

இதுவரை மருத்துவர்களைப் பற்றிப் பேசினேன். புற்றுநோய் ஆய்வின் பெரும்பகுதியைச் செய்கிற கைகள் மருத்துவர்களுடையவை அல்ல. உயிர்வேதியியல், விலங்கியல், நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஆய்வுக்கு வருகிறவர்களுடையவை. படுகையில் இதற்கு ஒரு மரபு உண்டு. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில், ஹாம்ஸ்டர் என்கிற எலியின் கன்னப்பையில் டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளைத் தடவி வாய்ப்புற்றை உண்டாக்கி, அதைத் தடுக்கும் பொருட்களைத் தேடும் ஆய்வு பல்லாண்டுகள் நடந்துவந்திருக்கிறது. நம்மூர் வாயின் நோய், நம்மூருக்குப் பக்கத்திலேயே ஆய்வுப் பொருளானது. டில்லிக்கோ மும்பைக்கோ போக வக்கில்லாத பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட துறைகளே முதல் ஆய்வுப் பள்ளிகள்.

நான் படித்தது அங்கே அல்ல. வேறோர் இடம், பெயர் இங்கே வேண்டாம். 1990களில் எம்.எஸ்சி. முடித்து எம்.ஃபில். சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள். பெரியம்மாவுக்குக் கன்னத்தில் புண் வந்து, ஆறாமல், ராத்திரி ரயிலில் அடையாறு கூட்டிப்போய், நாள் கடந்துபோச்சே என்று அங்கே சொல்லக் கேட்டு வந்த வருஷம் அது. அதனாலேயே அந்தத் துறையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், வழிகாட்டி வீட்டுக்குக் கரண்டு பில் கட்டினேன். செல் வளர்க்கிற அறைக்குள் மட்டும் என்னை விடவில்லை. காரணம் கேட்டபோது வந்த பதில்: 'அதுக்கெல்லாம் சின்னதுலேர்ந்தே சுத்தம் பழகியிருக்கணும்ப்பா.'

கிருமி நீக்கி வேலை செய்வது பத்துப் பதினைந்து நாளில் கைக்கு வரும் ஒரு திறன். ஸ்பிரிட் தடவுவது, கைகளை வாயுச் சுடருக்கருகே வைத்திருப்பது, மூடியை எப்படிப் பிடிப்பது என்பது. யாராவது பக்கத்தில் நின்று காட்டினால் போதும். பக்கத்தில் நின்று காட்டுவதற்கு இன்னொரு பெயர்தான் பயிற்சி. அதைப் பிறப்பின் குணமாக மாற்றிவிட்டால் காட்ட வேண்டிய கடமை போய்விடுகிறது. இடஒதுக்கீட்டின் கண்ணுக்குத் தெரியாத விளிம்பு அந்த அறையின் கதவு. சேர்க்கைப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எண்ணிக்கையில் நான் உள்ளே, வேலையில் வெளியே.

இத்தகைய துறைகள் பலவற்றில் அந்த அறைக்குள் வளர்கிற செல் எது? பெரும்பாலும் ஹீலா. 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றோடு சேர்ந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கருப்பினப் பெண்ணின் உடலிலிருந்து, அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்ட செல். அவர் புகையிலை வயலில் உழைத்த குடும்பம். அவருடைய வாரிசுகளுக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து இழப்பீட்டு உடன்பாடு கிடைக்க 2023 ஆனது. புகையிலை வயலில் உழைத்தவளின் செல் உலகத்தின் எல்லா ஆய்வறைக்குள்ளும் போக முடிகிறது. வயல் கூலியின் பிள்ளை போவதற்குத்தான் சுத்தம் பழக வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்திலும் உடல்கள் ஆய்வுக்குத் தாராளமாகக் கிடைத்திருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கி நடந்த கருப்பைவாய்ப் புற்று ஆய்வில் 49,311 பெண்கள் பரிசோதனைக் குழுவிலும் 30,958 பெண்கள் ஒப்பீட்டுக் குழுவிலும் இருந்தார்கள். வினிகரைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையால் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் 'லான்செட்'டில் வெளியானது. ஒப்பீட்டுக் குழுவுக்குச் சோதனை மறுக்கப்பட்டது சரியா என்ற அறவியல் விவாதம் பின்னால் எழுந்தது. அந்த விவாதம் நியாயமானது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தச் சோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். சில வாரப் பயிற்சியில் அவர்கள் செய்த வேலை ஆயிரக்கணக்கான பெண்களைத் தொட்டது. கிராமத்து நர்சால் இதைச் செய்ய முடியும் என்றால், அடுத்த கேள்வியை எழுப்பவும் ஆய்வைத் திட்டமிடவும் அவருக்கு ஏன் பயிற்சி தரக்கூடாது? கை வேலை அவருடையது, கேள்வி வேறொருவருடையது என்ற பிரிவினை நமக்குப் பழக்கமானதே. நடவு ஒருத்தருடையது, நெல் இன்னொருத்தருடையது.

6

வெளியே என்ன நடந்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமில எதிர்மருந்துகளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அவற்றில் ஒன்றைக் கொண்டு சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றைத் தற்காலிகமாகவேனும் தணிக்க முடியும் என்று 1948இல் காட்டினார். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட்டை மார்பகப் புற்று போன்ற கட்டிகளுக்கு முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஜேன் குக் ரைட் என்ற கருப்பின மருத்துவர். அவர் எங்கே பயிற்சி பெற்றார்? நியூயார்க்கின் கருப்பர் பகுதியான ஹார்லெம் மருத்துவமனையில், அவருடைய தகப்பனார் லூயிஸ் ரைட் 1948இல் நிறுவிய புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளையில். 1964இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தை நிறுவிய ஏழு பேரில் ஒரே பெண் இவர். ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதியிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தைக் கட்டிவிட்டால் அங்கிருந்து உலகத்துக்கான அறிவு வரும் என்பதற்கு ஹார்லெம் ஒரு சான்று.

பிறகு அமெரிக்க அரசே இதைத் திட்டமாக்கியது. தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2001 முதல் பள்ளிப் பிள்ளை தொடங்கி இளம் ஆய்வாளர் வரை ஒவ்வொரு படியிலும் பணமும் வழிகாட்டியும் தரும் தொடர் பயிற்சியை, பிரதிநிதித்துவம் குறைந்த சமூகத்தினருக்கென நடத்தியது. ஒரு படியில் ஏற்றிவிட்டு அடுத்த படியில் கைவிடாமல் இருப்பதே அதன் அடிப்படை. அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதற்கு முடிவு கட்டியது. 2025இல் அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு இந்த நோக்கிலான பயிற்சி நிதிகள் பலவற்றை நிறுத்தத் தொடங்கியது. வந்த வாசல் மூடவும் படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கும் அதுதான். பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளருக்கு 2005-06இல் ராஜீவ்காந்தி பெயரில் ஆண்டுக்கு 2,000 உதவித்தொகைகள் தொடங்கப்பட்டன. படுகையிலிருந்து பல பிள்ளைகள் அதை நம்பித்தான் பிஎச்.டி. சேர்ந்தார்கள். சிறுபான்மையினருக்கான மவுலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் வந்த புதிய விதிமுறைகளோடு எம்.ஃபில். படிப்பே முடிவுக்கு வந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு எம்.ஃபில். தேவையற்ற ஒரு படி. முதல் தலைமுறைக்கு அது ஆய்வு என்றால் என்ன என்று எட்டிப் பார்க்கிற ஜன்னலாக இருந்தது. அதன் எல்லாக் குறைகளோடும்தான் சொல்கிறேன்.

பணம் மட்டும் போதாது என்பதையும் ஒரு சாவு நமக்குச் சொன்னது. சேலம் மாவட்டத்திலிருந்து, பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார், வழிகாட்டி ஒதுக்கப்படாத நிலையில் 2008 பிப்ரவரியில் உயிரை விட்டார். இடம் கொடுத்தார்கள், பக்கத்தில் நின்று காட்டுவதற்கு ஆள் கொடுக்கவில்லை.

7

ஆகவே விவாதத்துக்காகச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

2006 சட்டத்தின் விலக்கு அட்டவணை நீக்கப்பட வேண்டும். குறைந்தது, புற்றுநோய் நிறுவனம் அதிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அணுகுண்டுக்குச் சொல்லும் காரணத்தைக் கருப்பைவாய்ப் புற்றுக்குச் சொல்ல முடியாது.

ஆய்வு மாணவர் சேர்க்கப்பட்ட நாளிலேயே வழிகாட்டி பெயர் எழுத்தில் தரப்பட வேண்டும். எந்தக் கருவியில், எந்த அறையில், எத்தனை நாள் பயிற்சி என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதியின் வேலை எழுதப்படாத இடத்தில்தான் நடக்கிறது.

உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும். ஆறு மாதம் கழித்து மொத்தமாக வருகிற பணம், வீட்டில் பணமுள்ளவனுக்கு மட்டுமே உதவித்தொகை. மற்றவன் அதற்குள் ஊருக்குப் போய்விடுவான்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகள் இருக்கிறார்கள். சிதம்பரத்திலும் திருச்சியிலும் திருவாரூரிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இவற்றை இணைத்துப் படுகைக்கென்று ஒரு புற்றுநோய் ஆய்வுப் பயிற்சி தொடங்க முடியும். மாநிலம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவுத் திட்டமே 2012இல்தான் வந்தது. அதற்கு முன் எங்கள் நடவுப் பெண்கள் எத்தனை பேர் வாய்ப்புற்றில் செத்தார்கள் என்பது ஊர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவதே அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்கலாம். கிராம சுகாதார நர்சும் அதில் மாணவராகச் சேர வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அந்தத் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர். முதலில் அவர் பெயரில் இருந்தது திருமண உதவி, அது படிப்புக்கு மாற்றப்பட்டது. நல்ல மாற்றம். அந்த ஆயிரம் ரூபாயில் இன்று திருத்துறைப்பூண்டியிலிருந்தோ கீழ்வேளூரிலிருந்தோ பஸ் ஏறி உயிர்வேதியியல் படிக்கப் போகிற பெண்ணின் அம்மாவோ ஆயாவோ இடுப்பில் சுருக்குப்பை வைத்திருப்பார். அந்தப் பை ஏன் அங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். மூன்றாண்டு முடிந்து அவள் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டும்போது அவளுக்குக் காட்டிக்கொடுக்க உள்ளே யார் இருக்கப் போகிறார்கள் என்பதை இப்போதே பேசியாக வேண்டும். பேசுவோம்.